புது பிராசசர், பழைய வேகம்!

புதுசு என்றால் வேகம் கூடியிருக்கும். கம்ப்யூட்டர் வாங்கப் போகிற எல்லோரும் இதை நம்புகிறார்கள். கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போகிற கல்லூரிப் பசங்களும்தான். 2024 அக்டோபரில் இந்த நம்பிக்கைக்குப் பலமான அடி விழுந்தது.

அந்த மாதம் 24-ம் தேதி இன்டெல் தனது கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையை விற்பனைக்கு விட்டது. கம்பெனிக்குள் அதன் பெயர் 'ஆரோ லேக்'. எதிர்பார்ப்பு அதிகமாகவே இருந்தது. அதற்கு முந்தைய 13, 14-ம் தலைமுறை சிப்களில் சில, மின்னழுத்தக் கோளாறால் நாளடைவில் கெட்டுப்போய், கேம் நடுவிலேயே நின்று போயின. இன்டெல் வாரன்டியை 2 வருடம் நீட்டிக்க வேண்டி வந்தது. புது வரிசை மானத்தைக் காப்பாற்றும் என்று பார்த்தால்...

சோதித்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். 589 டாலர் விலையில் வந்த கோர் அல்ட்ரா 9 285கே, பல கேம்களில் 2023-ல் வந்த 14900கே-விடமே தோற்றது! இரண்டே வாரத்தில், நவம்பர் 7-ம் தேதி, ஏஎம்டி 479 டாலருக்கு ரைசன் 7 9800எக்ஸ்3டி-யை இறக்கியது. வெறும் 8 கோர். 24 கோர் வைத்திருந்த 285கே, கேமில் அதன் பக்கத்தில்கூட வர முடியவில்லை.

எப்படி? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபேக்டரியை நினைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் நிற்பவர் கெட்டிக்காரர். ஆனால் ஸ்டோரைப் பக்கத்து ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஆள் போய் எடுத்து வரணும். அதுவரை அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

ஆரோ லேக்கில் நடந்தது இதுதான். முன்பு ஒரே சில்லாக இருந்ததை இன்டெல் பல துண்டுகளாகப் பிரித்தது. கோர்கள் இருக்கும் துண்டு டிஎஸ்எம்சி-யின் 3 நானோமீட்டர் முறையில் தயாரானது. மெமரியோடு பேசும் பகுதியோ வேறொரு துண்டுக்குப் போய்விட்டது. கேம் என்பது அடுத்து என்ன கேட்கும் என்றே தெரியாத வேலை. சின்னச் சின்னத் தகவலுக்காக அடிக்கடி மெமரியிடம் ஓடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் தாமதம் சேர்ந்துகொண்டே போகும்.

ஏஎம்டி செய்தது நேர் எதிர். கோர்களுக்கு அடியிலேயே கூடுதல் கேஷை ஒட்டி, எல்3 கேஷை 96 எம்பி ஆக்கியது. தொழிலாளியின் காலடியிலேயே பொருளை அடுக்கி வைத்த மாதிரி! 285கே-வில் இது 36 எம்பி-தான்.

2024 டிசம்பரில் இன்டெல் காரணங்களை வெளியிட்டது. விண்டோஸ் அமைப்பில் குறை, பயாஸ் அமைப்பில் குறை என்று பட்டியல். திருத்தங்கள் வந்தும் பெரிய மாற்றமில்லை. 2025 ஏப்ரலில், துண்டுகளுக்கு இடையிலான வேகத்தையும் மெமரி வேகத்தையும் வாரன்டி போகாமலே கூட்டிக்கொள்ள வழி செய்தது. நோய் எங்கே என்பதற்கு அதுவே சாட்சி.

ஏஎம்டி மட்டும் யோக்கியமா? 2011-ல் 8 கோர் என்று விளம்பரப்படுத்திய எஃப்எக்ஸ்-8150, பல கேம்களில் அதே கம்பெனியின் பழைய பினாம் II-விடம் தோற்றது. 2024 ஆகஸ்டில் வந்த ரைசன் 7 9700எக்ஸ்-ம் கேமில் பெரிதாக முன்னேறவில்லை.

நியாயமாக இதையும் சொல்லணும். ஆரோ லேக் மின்சாரத்தை நன்றாகவே மிச்சம் பிடிக்கிறது. வீடியோ ரெண்டரிங் போன்ற வேலைகளில் அசத்துகிறது. தவிர, கேம் சோதனைகளைப் பெரும்பாலும் ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரி விலை உயர்ந்த கார்டை மாட்டி, 1080பி-யில்தான் செய்கிறார்கள். பிராசசரின் பலம் அப்போதுதான் தெரியும். நடுத்தர விலைக் கார்டு வைத்திருப்பவருக்கு முதலில் மூச்சு வாங்குவது அந்தக் கார்டுக்குத்தான். எந்தப் பிராசசர் என்ற வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது.

ஆனால் பர்ஸுக்குத் தெரியும். ஆரோ லேக்குக்குப் பழைய மதர்போர்டு ஆகாது, எல்ஜிஏ 1851 சாக்கெட் உள்ள புது போர்டு வேண்டும். டிடிஆர்4 மெமரியும் ஆகாது. ஷிப்ட் வேலை பார்த்து அப்பா சேர்த்த பணம், பெட்டி மேல் போட்ட புது நம்பருக்கே கரைந்துவிடும். ஒரு தலைமுறை பழைய பிராசசரை வாங்கி, மிச்சத்தை கிராபிக்ஸ் கார்டில் போட்டால் கேம் உண்மையிலேயே வேகமாக ஓடும்.

அதனால் கடைக்காரர் "இதான் தம்பி லேட்டஸ்ட்" என்றால், ஒரே ஒரு கேள்வி போதும்: "அண்ணே, நான் விளையாடுற கேம்ல, நான் வாங்கப்போற கார்டோட இது எத்தனை ஃபிரேம் தரும்?"