தாத்தாவிடம் கேட்ட கடதாசி

கிளிநொச்சியில் புலம்பெயர்ந்தவர் என்று சொன்னால் கனடாவில் இருக்கும் சித்தப்பாவும் சுவிஸில் இருக்கும் அக்காவுமே நினைவுக்கு வருவார்கள். எங்கள் வீட்டில் தாத்தாதான் புலம்பெயர்ந்தவர். அவர் விமானம் ஏறவில்லை. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் தோட்டத்து லயம் எரிந்த பிறகு, பாட்டியையும் பிள்ளைகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வவுனியாவில் வந்து இறங்கினார். வன்னியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் பிறந்தது மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அவருடைய தாத்தா திருச்சிப் பக்கத்து ஊரிலிருந்து கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு வந்தவர். அந்தக் காலத்தில் அந்த வழியில் ரயில் இல்லை. ராமநாதபுரக் கரையில் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டு வழியே நடக்க வேண்டும். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களைப் பாதையோரத்தில் போட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1914இல்தான். நடந்து வந்தவர்களின் பெயர்கள் கங்காணியின் கடன் கணக்கில் மட்டும் இருந்தன. தாத்தாவுடைய தாத்தாவின் பெயரும் அப்படி ஏதோ ஒரு கணக்குப் புத்தகத்தில் இருந்திருக்கும்.

தாத்தா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை ஆள்கணக்குக்கு, போகத் தொடங்கிய வயதில் நாடு சுதந்திரம் அடைந்தது. அதே 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவரிடம் ஒரு கேள்வி கேட்டது. உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்தாரா? அல்லது உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? பிறந்திருந்தால் கடதாசியைக் காட்டு. தகப்பன் இங்கேதான் பிறந்தார், அதே தோட்டத்து லயத்தில். ஆனால் அந்தப் பிறப்பை எவரும் பதியவில்லை. தேயிலைச் செடி எந்த வருடம் நட்டது என்று துரையின் கந்தோரில் கணக்கு இருந்தது. பிள்ளை எந்த வருடம் பிறந்தது என்பதற்கு அவரைப் பெற்றவளின் ஞாபகம் மட்டும்தான்: "பெரிய மழ பேஞ்சு லயம் சரிஞ்ச வருசம்."

பெரிய மழை சட்டத்தில் செல்லுபடியாகவில்லை. 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் சுமார் எட்டு லட்சம் பேர் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. எங்கள் குடும்பம் அந்த எண்ணிக்கைக்குள் வரவில்லை. வாக்கும் போனது.

இதைப் போன்ற கேள்வியை வேறொரு கரையிலும் கேட்டிருக்கிறார்கள். துருக்கியில் 1915 படுகொலைக்கு முன்னும் பின்னும் தப்பி அமெரிக்கா சென்ற ஆர்மீனியர்களுடைய கதை அது. போர்ட்லண்ட் நகரில் கம்பள வியாபாரம் செய்த கார்ட்டோசியன் என்ற ஆர்மீனியரின் குடியுரிமையைப் பறிக்க அரசே வழக்குப் போட்டது. ஆசியருக்குக் குடியுரிமை கிடையாது, ஆசியாவிலிருந்து வந்த ஆர்மீனியர் வெள்ளையரா என்பதே வழக்கு. 1925இல் அவர் வென்றார். கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் திராட்சைத் தோட்டங்களில் பாடுபட்ட ஆர்மீனியர்களுக்குச் சில தெருக்களில் வீடு வாங்கும் உரிமையே கிடையாது, உறுதியிலேயே தடை எழுதியிருந்தது. அந்த ஊரில் 1908இல் பிறந்த வில்லியம் சரோயன் தன் மக்களின் மாமன்மாரையும் பாட்டன்மாரையும் கதைகளில் எழுதினார். பிறகு எத்தனையோ பேரப்பிள்ளைகள் தாத்தாக்களின் வாழ்க்கையை எழுதி வைத்தார்கள். அந்தச் சமூகத்துக்குப் படுகொலையை உலகத்தின் முன் நிறுத்திப் பேச அந்த எழுத்துகள் பெருந்துணையாக இருந்தன. எங்கள் தாத்தாக்களை அப்படி எழுதி வைத்த பேரர்கள் குறைவு.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பற்றி ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. தாத்தாவின் அண்ணன் இந்தியப் பாஸ்போட் எடுத்துக்கொண்டு கோத்தகிரிக்குப் போனார். தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். மேடையில் நிற்பவர்களும் அழுவார்கள், பெட்டிக்குள் இருப்பவர்களும் அழுவார்கள். தாத்தா தன் அண்ணனை அதன் பிறகு பார்க்கவேயில்லை. அங்கும் தேயிலைதானாம், அங்கும் லயம்தானாம் என்று கடிதம் வந்ததாகச் சொல்வார்.

வவுனியாவில் இறங்கியவர்களுக்குக் கைகொடுத்தது காந்தியம். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் ராஜசுந்தரமும் தொடங்கிய அந்த அமைப்பு, வன்னியின் எல்லைகளில் பண்ணைகளையும் குடியேற்றங்களையும் அமைத்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1983இல் இருவரும் கைதானார்கள். அந்த யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். தப்பிய டேவிட் நெடுங்காலம் இந்தியாவில் இருந்துவிட்டு, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். மலையகத்தவர்கள் இருந்த கென்ற் பண்ணை, டொலர் பண்ணை ஆகியவற்றிலிருந்து 1984இல் அவர்கள் விரட்டப்பட்டு, அங்கே சிறைக்கைதிகள் குடியேற்றப்பட்டார்கள்.

தாத்தா அதற்கு முன்பே கிளிநொச்சிக்கு வந்துவிட்டார். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களில் மலையகக் குடும்பங்கள் கூடிய காலம் அது. தாத்தாவின் பங்குக்கு வந்தது ஒரு துண்டு மேட்டுக் காடு. கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழகிய கையால் பாலையையும் வீரையையும் வெட்டினார். மலேரியா பாட்டியைப் பலமுறை படுக்கையில் போட்டது. "அங்க அட்ட, இங்க யானை. வேற வித்தியாசம் ஒண்ணுமில்ல" என்பார்.

வித்தியாசம் இருந்தது. இரணைமடு வாய்க்காலின் தண்ணீர் பாயும் வயல்கள் முந்திய குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்களுடையவை. எங்கள் மேட்டில் மழையை நம்பிக் கச்சானும் உழுந்தும் விதைக்கலாம், மரவள்ளி நடலாம். மற்ற நாளெல்லாம் அந்த வயல்களில்தான் களை பிடுங்கலும் அருவி வெட்டும். நாட்கூலிதான், ஆனால் துரை தமிழன். கமக்காரர் வீட்டில் தாத்தாவுக்குத் தேத்தண்ணி சிரட்டையில் வந்த காலமும் உண்டு. "தோட்டக்காட்டான்" என்று சிங்களவன் சொன்னதில்லை, அவன் வேறு சொல் வைத்திருந்தான். இதைச் சொன்னால் ஒற்றுமை கெடும் என்று எங்களைப் பேசவிடாதவர்கள் இருந்தார்கள். சொல்லாததால் எந்த ஒற்றுமையும் வளரவில்லை.

அவர் சிடுசிடுப்பான மனிதர் அல்லர். மாரிகால இரவுகளில் பொன்னர் சங்கர் கதையை விடிய விடியப் படிப்பார். தேயிலைத் தூள் மட்டமாக இருந்தால் ஒரு முடக்கிலேயே கண்டுபிடித்து, "இது கூட்டிப் பெருக்கினது" என்பார். ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் துண்டுச் சீட்டு, கூப்பன், காணிக்காக எழுதிய கடிதங்களின் பிரதிகள் எல்லாம் வைத்திருந்தார். நாடற்றவர்களுக்கான 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அவர் கடைசியில் பிரஜையானபோது, அந்தக் கடதாசியும் அதற்குள்தான் போனது.

2009 போரில் தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று ஓடியதில் தகரம் எங்கோ தவறியது. நாங்கள் போய்ச் சேர்ந்தது செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்கு. மன்னாரில் இறங்கி மதவாச்சிக்கு நடந்தவர்கள் கடந்த பிரதேசம் அது. பாட்டன் நடந்த பாதைக்குப் பக்கத்தில் பேரன் முள்ளுக்கம்பிக்குள் இருந்தார். பதிவு செய்ய வந்தவர் ஆவணம் கேட்டார். தாத்தா தோட்டத்தின் பெயர், டிவிசன், லய நம்பர், கங்காணியின் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் படிவத்தில் அவற்றுக்கு இடம் இருக்கவில்லை.

மீளக் குடியேறிச் சில காலத்தில் தாத்தா போய்விட்டார். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் தாங்கள் இலங்கைக்கு வந்த இருநூறு வருட நினைவாக நடந்தபோது, அந்த வழி தாத்தாவுடைய தாத்தாவினதும்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். ஆனால் கிளிநொச்சியின் வரலாறு பேசப்படும் மேடைகளில் இரணைமடு வரும், குடியேற்றத் திட்டங்கள் வரும், போர் வரும். மேட்டுக் காட்டை வெட்டியவர்கள் ஒரு வரியில் கடந்துபோவார்கள்.

எங்கள் ஊர்களில் அந்தத் தலைமுறையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். போனில் பதிவு செய்யுங்கள், கொப்பியில் எழுதுங்கள். இந்தியாவில் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த வருடம் வன்னிக்கு வந்தார்கள், எந்தக் காட்டை வெட்டினார்கள், அந்தக் காணிக்குப் பெர்மிட் கிடைத்ததா இல்லையா என்று கேளுங்கள். பாட்டன் எங்கே பிறந்தான் என்று 1948இல் அரசு கேட்டபோது எங்களிடம் எழுத்து இருக்கவில்லை. இனி யார் கேட்டாலும் காட்ட எழுத்து இருக்க வேண்டும்.