ஆடக் கிடைத்தவர்கள்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அப்பாவும் சித்தப்பாக்களும் அணி பிரிப்பார்கள். மைதானத்தில் இறங்கி ஆடுவதற்காக அல்ல. இந்தியா கண்ட எல்லாக் காலக் கிரிக்கெட் வீரர்களிலிருந்தும் பதினோரு பேரைப் பொறுக்கி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவதற்காக. கவாஸ்கரோடு இறங்குவது யார், கீப்பர் கிர்மானியா மோரேயா, வெங்கட்ராகவனுக்கு இடம் உண்டா என்று, சாப்பிட்ட கை காயக் காயச் சண்டை நடக்கும். கையெழுத்து நன்றாக இருக்குமென்று பெயர் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். யாருக்கு எத்தனை டெஸ்ட், எத்தனை விக்கெட் என்பதெல்லாம் பன்னிரண்டு வயதில் எனக்கு மனப்பாடம். அம்மாவும் சித்திகளும் அந்நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

அந்த விளையாட்டு எனக்கு இன்றும் பிடிக்கும். ஒரே காலத்தில் வாழாதவர்களை ஒரே பந்தியில் உட்காரவைப்பது போன்றது அது. விஜய் மெர்ச்சன்ட்டும் சச்சினும் சேர்ந்து நடந்து வருவார்கள். கபில்தேவ் பந்தைத் தேய்த்துக்கொண்டு கும்ப்ளேயிடம் ஏதோ சொல்வார். காசு செலவில்லாத கனவு.

கடந்த குளிர்காலத்தில் அதே சண்டையை ஜவ்வாது மலையில் கேட்டேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக, ஜமுனாமரத்தூருக்கு அருகே ஒரு சிற்றூரில் மாணவர்களோடு ஏழு நாள் தங்கியிருந்தோம். அங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. ராத்திரி குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு பையன்கள் எல்லாக் கால இந்திய அணியைப் பிரித்தார்கள். தேடிப் பார்க்க வழியில்லாததால் எண்கள் எல்லாம் நினைவிலிருந்தே வந்தன. அஸ்வினுக்கு 537, கும்ப்ளேக்கு 619. பிசகில்லை.

ஒரு மாணவி கேட்டாள்: "பொண்ணுங்கள்ல எல்லாக் கால டீம் போடுங்கடா, பார்க்கலாம்."

2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பை வென்று சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஹர்மன்பிரீத், ஸ்மிருதி, ஜெமிமா, தீப்தி, ஷெஃபாலி என்று மளமளவென்று வந்தது. மிதாலி, ஜூலன் வந்தார்கள். ஏழாவது பெயரோடு நின்றுவிட்டது. "பழைய ஆளுங்களுக்கு ரெக்கார்டு வேணும்ல மேடம்" என்றான் ஒருவன். அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான்.

ரெக்கார்டு இருக்கிறது. நான் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1995இல், ஜாம்ஷெட்பூரில் நீது டேவிட் இங்கிலாந்துக்கு எதிராக 53 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். பெண்கள் டெஸ்டில் ஓர் இன்னிங்ஸின் சிறந்த பந்துவீச்சு இன்றும் அதுதான். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் ஒருநாளும் அடிபட்டதில்லை. ஒருநாள் போட்டியில் முதல் இரட்டைச் சதம் சச்சின் 2010இல் அடித்தது என்று நம்புகிறவர்கள் பலர். ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் 1997இலேயே 229 அடித்துவிட்டார். அதுவும் நம் மும்பையில்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொரு கணக்கு. சச்சின் ஆடியது 200 டெஸ்ட். இருபதாண்டுக்கு மேல் ஆடிய மிதாலி ராஜுக்கு ஆடக் கிடைத்தது 12. சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி 1976இல் இந்தியப் பெண்களின் முதல் டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கினார். 1977இல் டுனெடினில் 108 அடித்து, டெஸ்டில் சதமடித்த முதல் இந்தியப் பெண்ணானார். அவருக்குக் கிடைத்தது 16. நம் சென்னையின் திருஷ் காமினி 2014 நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 192 அடித்தார். அது அவருடைய இரண்டாவது டெஸ்ட். மூன்றாவது வரவில்லை. அவர் ஆட்டம் கெட்டுப்போகவில்லை. இந்தியப் பெண்களுக்கு அடுத்த டெஸ்ட் நடந்ததே 2021இல்தான்.

ஆட்டமே வைக்காமல் ரன் எங்கே என்று கேட்பதை நியாயமான அளவுகோல் என்கிறோம். கபடியிலும் இதே கதை. ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி 1990இல் வந்தது, பெண்கள் கபடி 2010இல். இருபது ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்களின் கால்கள் ஓய்ந்திருக்கும்.

தமிழ் படித்தவளுக்கு இது பழகிய வழக்கு. சங்கத் தொகைகளும் தேர்வுகள்தாம். தொகுத்தவர்களாக நமக்குப் பெயர் கிடைத்திருக்கும் பூரிக்கோ, உருத்திரசன்மர், கூடலூர் கிழார் எல்லோரும் ஆண்கள். ஔவையாருக்கு 59 பாடல்கள் நிற்கின்றன. ஆதிமந்தியாருக்கு ஒன்றே ஒன்று. அவர் பாடியதே ஒன்றுதானா, ஏட்டில் ஏறியது ஒன்றுதானா? "மிகச் சிறந்தவர் யார்" என்று வகுப்பில் யாராவது கேட்டால், "யாருடையது வந்து சேர்ந்திருக்கிறது" என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

முகாமின் ஐந்தாம் நாள், பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளியின் சிறுமிகளிடம் எங்கள் மாணவிகள் இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தார்கள். கிரிக்கெட் வேண்டாம், கபடி என்றார்கள் அவர்கள். ஏழு பேர். அவர்கள் பார்த்த எல்லாக் காலத்திலிருந்தும். தொலைக்காட்சிப் பெயர் ஒன்றுகூட வரவில்லை. போன வருஷம் பள்ளியை விட்டுப்போன அக்கா, மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த அத்தை, சாமை அறுப்புக்குப் போய்ப் பள்ளிக்குத் திரும்பாதவள் என்று பட்டியல் வளர்ந்தது.

"எங்க அக்காவப் போடணும் மிஸ். ஒம்பதாவது வரைக்கும்தான் ஆடுச்சு. அப்பறம் கல்யாணம்."

"ஒம்பதாவதோட நின்னவங்கள எல்லாக் காலத்துல எப்படிடீ சேர்ப்ப?"

"அது கால ஒருத்தியாவது புடிச்சிருக்காளா? அதச் சொல்லு மொதல்ல."

யாராலும் சொல்ல முடியவில்லை. அக்கா அணியில் சேர்ந்தாள். கேப்டன் யார் என்பதில் பெரிய சண்டை வந்தது, தீரவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் ஏழாம் வகுப்புக்காரி. மற்றவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது ஏழாவது இடத்தில் சத்தமில்லாமல் தன் பெயரை எழுதிவிட்டாள்.