எங்க ஊர் டீமும் என் ஸ்கோர் நோட்டும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழு நண்பர்கள் இரண்டு வாரமாகத் துரத்திக்கொண்டிருந்தார்கள். எதைப் பற்றி எழுதட்டும் என்று கேட்டேன். "எதைப் பத்தி வேணும்னாலும் எழுது மச்சான், காதல் கவிதை மட்டும் வேணாம். அது ஏற்கெனவே மூட்டையா வந்து கீது" என்றார்கள். எனக்குத் தெரிந்ததே இரண்டு விஷயம்தான். ஒன்று லேத். அதைப் பற்றி நான் எழுதினால் ஒர்க்‌ஷாப் சார் படித்துவிட்டுச் சிரிப்பார். இன்னொன்று கபடி. நான் ஆடுவேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் உடம்புக்கு அதெல்லாம் சரிப்படாது. பார்ப்பேன், பாயிண்ட் எழுதுவேன். ஒன்பது வருஷமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருப்பத்தூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு இறங்கி உள்ளே போக வேண்டும். விடிவதற்கு முன்னாலேயே ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். பாதி ஊர் அதில் ஏறிப் போய்விடும், பெண்கள்தான் அதிகம். மீதிப் பேர் வாணியம்பாடி தோல் ஷாப்புக்கு, இல்லையென்றால் ஜோலார்பேட்டைக்குப் போய் பெங்களூர் ரயிலுக்கு. இப்படி நாலு பக்கமும் சிதறிப் போகிறவர்களில் ஏழு பேர் ராத்திரி ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு பல்பு வெளிச்சத்தில் வந்து நின்றால், அதுதான் எங்க ஊர் டீம்.

2017-ல் எனக்குப் பத்து வயது. பக்கத்து ஊரில் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி'. நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள்: முதல் பரிசு ரூ.10,001, இரண்டாம் பரிசு ரூ.7,001, கூடவே ஆள் உயரக் கோப்பை. அந்த ஒரு ரூபாய் எதற்கு என்று இன்று வரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. டாட்டா ஏஸ் வண்டியில் டீமோடு நானும் தொற்றிக்கொண்டு போயிருந்தேன். அங்கே எங்கள் கேப்டனுக்கும் நடுவருக்கும் பாயிண்ட் கணக்கில் தகராறு வந்துவிட்டது. அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் கேப்டன் அண்ணா என்னைக் கூப்பிட்டார். "டேய், நீ படிக்கிற பையன்தானே? இந்தா, நம்ம கணக்க நீ எழுது. நாளைக்கு எவனும் இல்லன்னு சொல்லக் கூடாது." பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த நோட்டு ஒன்று என் பையில் இருந்தது. பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். டச் பாயிண்டுக்குக் கோடு, போனஸுக்கு முக்கோணம், ஆல் அவுட்டுக்குக் கட்டம். எல்லாம் நானே வைத்துக்கொண்ட குறிகள்.

பெயர் எழுத நேரம் இருக்காது. முப்பது செகண்டில் ஒரு ரெய்டு முடிந்துவிடும். அதனால் ஜெர்சி நம்பர்தான். இங்கேயும் நம்பரோடே சொல்கிறேன்.

நாலாம் நம்பர் லெஃப்ட் கார்னர். தோல் ஷாப்பில் டிரம்மிலிருந்து ஈரத் தோலை இழுத்துப் போடும் வேலை. ஊறிய மாட்டுத் தோல் என்ன கனம் கனக்கும், எப்படி வழுக்கும் என்று எங்க அப்பாவைக் கேட்டால் சொல்வார், அவருக்கும் அதே வேலைதான். அந்தத் தோலைப் பிடித்துப் பழகிய கையில் ஒருத்தன் கணுக்கால் சிக்கினால் விடுமா? உள்ளங்கை சுண்ணாம்பில் வெந்து மரத்துப் போயிருக்கும். "எனக்கு வலிக்கவே வலிக்காதுடா, வலிச்சா அவனுக்குத்தான்" என்பார். ஏழாம் நம்பர் எங்கள் ரெய்டர். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். பத்தாம் நம்பர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. சனிக்கிழமை ராத்திரி ஜோலார்பேட்டையில் இறங்கி, சாப்பிடாமல் கொள்ளாமல் நேரே கிரவுண்டுக்கு வருவார். கேப்டன் அண்ணா இரண்டாம் நம்பர், ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறார். தோளை வைத்து ஒரு இடி இடித்தால் எதிராளி லாபி தாண்டிப் போய் விழுவான்.

அதே 2017-ல்தான் புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் டீம் வந்தது. டீக்கடை டிவி முன்னால் எங்க ஊரே நின்றது. அஜய் தாக்கூர் கேப்டன், ஹிமாச்சல்காரர். ஆனாலும் நம்ம டீம் என்றுதான் கத்தினோம். அந்த வருஷம் தன் பிரிவில் கடைசி இடம். அடுத்த வருஷமும் பிரிவில் கடைசி. 2019-ல் பன்னிரண்டு டீமில் பன்னிரண்டாவது! டீக்கடைக்காரர், "இவனுங்களுக்கு நம்ம நாலாம் நம்பர அனுப்பி வைங்கடா" என்று சேனலை மாற்றிவிடுவார். பிறகு 2022-ல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்குக் கால் முட்டியில் அடிபட்டு, சீசனே போய்விட்டது. அவர் இல்லாமலே சின்னப் பசங்களை வைத்து அரையிறுதி வரை போனார்கள். புனேரி பல்டானிடம் இரண்டே பாயிண்டில் தோல்வி. அன்றைக்கு டீக்கடையில் யாரும் பேசவில்லை. ஒரு ஆட்டக்காரருக்கு இரண்டே கால் கோடி, எங்கள் ஏழு பேருக்கும் சேர்த்துப் பத்தாயிரத்து ஒன்று. அந்தப் பத்தாயிரத்திலும் வண்டி வாடகையும் ஜெர்சிக் காசும் போனால் புரோட்டாவுக்குத்தான் மிஞ்சும். ஆனால் நாலாம் நம்பர் அதைப் பற்றி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "அவரு கால் முட்டி போச்சுன்னா பாக்க டாக்டரு கீறாரு. எனக்குப் போச்சுன்னா மறுநாள் கூலி போச்சு. அதான் நான் பாத்து ஆடறேன்" என்றார். எனக்குத் தெரிந்து அவர் பார்த்து ஆடி நான் பார்த்ததே இல்லை!

மாவட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2019 நவம்பர் 28 வரைக்கும் நாம் வேலூர் மாவட்டம். மாவட்ட அணித் தேர்வு என்றால் வேலூருக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பஸ் காசு, ஒரு நாள் சம்பளம், இரண்டும் போகும். தனி மாவட்டம் ஆனதும் எங்க ஊரில் வெடி வெடித்தது கபடி டீம்தான். அதில் ஒரு நஷ்டமும் உண்டு. காமன்வெல்த் போட்டியில் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்ட்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கம், சத்துவாச்சாரிக்காரர். அதுவரை எங்க மாவட்டக்காரர் என்று மார்தட்டிக்கொண்டிருந்தோம். ராத்திரியோடு ராத்திரியாக அவர் பக்கத்து மாவட்டம் ஆகிவிட்டார்!

மாவட்டம் பிரிந்த சந்தோஷத்தில் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி 2020 என்று போட்டேன். பொங்கல் போட்டி இரண்டு எழுதினேன். அப்புறம் கொரோனா. அந்த வருஷம், அடுத்த வருஷம், வெறும் பக்கம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது ஞாபகம் இருக்கும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பையன்கள் காலம் காலமாக ஆற்று மணலில்தான் கிரிக்கெட் ஆடுவார்கள். ஸ்டம்பு நட்ட இடத்தில் ஆளை அடித்துப் போகிற தண்ணீர்! எங்க ஊர் ஏரியும் நிரம்பி, கபடிக் கோடு போட்ட இடம் தண்ணீருக்குள் போனது. தாத்தா ஏரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நாங்களும் கும்பிட்டோம், ஆனாலும் மனசுக்குள் கிரவுண்டு போச்சே என்றுதான் இருந்தது. 1903 வெள்ளத்துக்கு வாணியம்பாடியில் நினைவுத் தூண் இருக்கிறது. தண்ணீர் வராத வருஷங்களில் அந்த மணலில் ஆடின ஆட்டங்களை யார் எழுதி வைத்தார்கள்?

நோட்டில் ஆட்டத்துக்கு வராதவர் நம்பருக்கு நேரே காரணமும் எழுதுவேன். யாரும் சொல்லவில்லை, நானாகப் பழகிக்கொண்டது. 'ஷிப்ட்', 'பெங்களூர்', 'கல்யாணம்', 'கை அடி', 'மேஸ்திரி விடவில்லை'. போன லீவில் முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். நாங்கள் தோற்ற ஆட்டங்களில் பாதிக்கு மேல் ஏழாம் நம்பருக்கு நேரே 'ஷிப்ட்' என்று இருக்கிறது. வெளிநாட்டு ஆர்டர் முடிக்க வேண்டிய மாசம் என்றால் ஓவர்டைம். எங்களைத் தோற்கடித்த டீம்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ளட்டும், பாதிக் கோப்பை ஷிப்டுக்குச் சேர வேண்டியது.

ஏழாம் நம்பரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். 2022-ல் மாவட்டத் தேர்வுக்குப் போனார். அங்கே மேட் விரித்திருந்தார்கள். எங்கள் ஆட்டமெல்லாம் மண்ணில்தான். கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்த மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். மேட்டில் ஷூ போட வேண்டும். அவரிடம் இல்லை. தினமும் யார் யார் காலுக்கோ தோல் வெட்டிக் கொடுக்கிற மனுஷன், கபடி ஷூவை அடுத்த ஊர்ப் பையனிடம் இரவல் வாங்கி ஆடினார். ஒரு சைஸ் பெரிசு. திரும்பும்போது வழுக்கியது. முதல் மூன்று ரெய்டில் இரண்டு பிடிபட்டார். தேர்வாகவில்லை. மண்ணாக இருந்திருந்தால் அங்கே அவரைப் பிடிக்க ஆள் இல்லை. இதை நான் ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை, நோட்டை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள் ராத்திரி என் வீட்டுக்கு வந்தார். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, என் பாயிண்ட் எல்லாம் தனியா எழுதிக் குடு. எந்த ஊரு, எந்த தேதி, எவ்ளோ. அழகா எழுது." இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். நாலு பக்கம், ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, சிவப்பு மையில் தலைப்பு. விண்ணப்பத்தோடு அதையும் எடுத்துப் போனார். அந்த ஒதுக்கீட்டுக்கு அங்கீகாரம் பெற்ற பெரிய போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். ஊர்த் திருவிழா போட்டிக்கு அதில் இடமில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர் நாலு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சீல் எங்கே?" என்று கேட்டாராம்.

திரும்பி வந்து பேப்பரை என்னிடமே கொடுத்தார். "கையெழுத்து நல்லா கீதுன்னு சொன்னாங்கடா" என்று சிரித்தார். மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் போய்விட்டார். அந்த நாலு பக்கத்தை நோட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

2025 அக்டோபரில் 'பைசன்' படம் வந்தது. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய கதை. டீமே கிளம்பித் திருப்பத்தூருக்குப் போய்ப் பார்த்தோம். இடைவேளையில் யாரும் முட்டை போண்டா வாங்கக் கூட எழுந்திருக்கவில்லை. அதே மாசம் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகா ஆடிய இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்றது. அந்தச் செய்தியை எனக்குக் காட்டியது எங்க அக்கா.

அக்காவைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள்தான் முதல் ரெய்டர். 2018-ல் எங்க ஊர்த் திருவிழாவில் பெண்கள் காட்சிப் போட்டி ஒன்று வைத்தார்கள், ஒரே ஒரு தடவை. அக்கா அப்போது பிளஸ் டூ. ஐந்தாம் நம்பர். அடுத்த வருஷம் ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷனில் சேர்ந்தாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவன் நான். மூன்று வருஷமும் அவள் சம்பளத்தில்தான் எனக்குப் பீஸ் கட்டியது. இதை எழுதினால் திட்டுவாள், இருந்தாலும் எழுதுகிறேன். இந்தப் புத்தகம் அவள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்!

இந்த வருஷத்தோடு நமக்குப் படிப்பு முடிகிறது. கேம்பஸில் ஓசூரோ ஒரகடமோ எங்கே தள்ளினாலும் போகத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கெல்லாம் ஓடி வர முடியாது. நோட்டை யாரிடம் கொடுப்பது என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். கேப்டன் அண்ணா பையன் ஆறாவது படிக்கிறான், ஆனால் அவன் ஆட்டத்தைப் பார்த்தால் எழுத மறந்துவிடுவான். "ஞாயித்துக்கெழம எனக்கு லீவுதானே, இங்க குடு" என்றாள் அக்கா. கையில் வாங்கியதும் 2018-ஐத் தேடிப் புரட்டினாள்.

"ஒம்போதுன்னு எழுதி வெச்சிருக்க? பத்துடா. கடைசி ரெய்டுல போனஸ் எடுத்தேன்."

"எதிர்ல ஆறு பேரு இருந்தாத்தான் போனஸ். அஞ்சு பேருதான் இருந்தாங்க. நடுவரே குடுக்கல."

"ஆறு பேரு இருந்தாங்க. நான் உள்ள நின்னு எண்ணினேன். நீ வெளிய உக்காந்துகினு இருந்த."

எட்டு வருஷத்துக் கணக்கு, விடவில்லை. என் பேனாவையே பிடுங்கி ஒன்பதை அடித்துப் பத்தாக்கி, பக்கத்தில் ஒரு முக்கோணமும் போட்டுவிட்டாள்.