காலியாக இருந்த ஒரு ஃபங்ஷன்

"இது யாரு கைக்குப் போவும் தம்பி?"

வாக்குமூலத்தைப் படித்துக் காட்டிவிட்டு கைரேகைக்கு மைப்பெட்டியை நீட்டியபோது அந்த அம்மா எங்களிடம் கேட்டது இது ஒன்றைத்தான். வட மாவட்டத்தில் ஒரு காலனி. தன் தெருப் பையன்கள் அடிபட்டதைக் கண்ணால் பார்த்த சாட்சி அவர். அடித்தவர்களின் நிலத்தில்தான் அவருக்கு அன்றாடக் கூலி. அப்படிப்பட்டவர் கேட்கும் கேள்விக்கு என்ன எடை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"வக்கீல் கைக்கு மட்டுந்தாம்மா போகும். வேற யாரும் பாக்க முடியாது" என்றோம். எங்களை நம்பி விரலை வைத்தார்.

இரண்டு வருடம் கழித்து, நாங்கள் சொன்னது பொய் என்று எங்களுக்கே தெரிய வந்தது. வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. ஆனால் நாங்கள் எழுதிய நிரல் அதைப் பொய்யாக்கிவிட்டிருந்தது. கணினி படிக்கிற தம்பி தங்கைகள் இப்போது இயக்க வேலைகளுக்கு நிறைய வருகிறீர்கள். எங்கள் தவறு உங்களுக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறோம். நாங்கள் நான்கு பேர். இருவருக்குச் சென்னையில் மென்பொருள் வேலை, ஒருவர் சட்டக் கல்லூரி மாணவர், ஒருவர் முழுநேரக் களப்பணியாளர். உண்மை அறியும் குழுவாக ஊருக்குப் போய்வந்தால் வாக்குமூலங்கள், புகைப்படங்கள், மருத்துவச் சீட்டுகள் எல்லாம் முன்பு வாட்ஸ்அப்பிலும் பென்டிரைவிலும்தான் சுற்றும். ஒரு பென்டிரைவ் பேருந்தில் தொலைந்த பிறகு, இனி இப்படி வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஜாவாதான் எங்களில் இருவருக்குச் சோறு போடும் மொழி. ஆகவே ஜாவாவில் ஒரு சின்ன நிரல் எழுதினோம். களத்தில் மடிக்கணினியில் பதிவதை அது வழக்கறிஞர் அலுவலகத்தின் வழக்குப் பதிவு அமைப்புக்கு இணையம் வழியே அனுப்பும். இரவில் மொத்தத்தையும் ஒரு காப்புப் பிரதியாக இன்னொரு சர்வருக்கு அனுப்பும்.

எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்புகிறோம், பூட்டு இருக்கிறது, பயமில்லை என்றுதான் நினைத்தோம்.

முதல் முறை ஓட்டியபோதே ஜாவா மறுத்தது. 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு' என்ற பிழைச் செய்தி. ஜாவாவில் வேலை பார்த்த எவருக்கும் இது பழக்கமான தலைவலி. எதிர்முனை சர்வர் காட்டும் சான்றிதழை யார் வழங்கினார்கள், அவர்களுக்கு யார் உத்தரவாதம் என்று சங்கிலி பிடித்துப்போய், தான் ஏற்கெனவே நம்பும் ஒரு மூலச் சான்றிதழில் கொண்டுபோய் முடிக்க ஜாவா பார்க்கும். சங்கிலி அறுந்தால் இணைப்பைத் தராது. இரவு 1 மணி. மறுநாள் காலை வழக்கறிஞர் மனு போட வேண்டும். அதே முகவரியை உலாவியில் திறந்தால் ஒழுங்காகத் திறக்கிறது, ஜாவாவில் மட்டும் இல்லை. இணையத்தில் தேடினோம். பத்துப் பன்னிரண்டு வரி கிடைத்தது. ஒட்டினோம், ஓடியது. கைதட்டிவிட்டுப் படுத்தோம்.

இந்த ஆண்டு எங்களோடு சேர்ந்த பொறியியல் கல்லூரித் தங்கை ஒருவர் அந்த நிரலை வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் நின்று கேட்டார்: "அண்ணா, இந்த ஃபங்ஷன் காலியா இருக்கே, இது என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலம்மா."

"அப்புறம் எதுக்கு இருக்கு?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. 'ட்ரஸ்ட் மேனேஜர்' என்று ஜாவாவில் ஒரு பகுதி உண்டு. எதிர்முனையில் இருப்பது யார், அவர் காட்டும் சான்றிதழை ஏற்கலாமா என்று பார்ப்பது அதன் ஒரே வேலை. பிடிக்கவில்லை என்றால் அது ஒரு பிழையை எழுப்ப வேண்டும். எழுப்பாமல் திரும்பினால் சான்றிதழ் சரி என்று பொருள். நாங்கள் ஒட்டிய வரிகளில் அந்தச் சோதனை ஃபங்ஷனுக்குள் எதுவுமே இல்லை. எதுவும் இல்லாததால் பிழையும் இல்லை. பிழை இல்லாததால் எவர் வந்தாலும் 'சரி'.

பதிவுத் தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். உறையை அரக்கு வைத்து ஒட்டியாகிவிட்டது, வழியில் யாரும் பிரிக்க முடியாது. ஆனால் தபால்காரர் வாசலில் நிற்கும் முதல் ஆளிடம் "நீங்கதான் வக்கீலா?" என்றுகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டுப் போகிறார். அரக்கால் என்ன பயன்? எங்கள் தரவு குறியாக்கம் ஆகித்தான் போனது. ஆனால் யாருக்காகக் குறியாக்கம் செய்கிறோம் என்பதை நாங்கள் பார்க்கவே இல்லை.

இது வெறும் கற்பனைப் பயமா? களத்துக்குப் போனால் நாங்கள் தங்குவது மலிவான லாட்ஜில். அங்கே உள்ள வைஃபையில்தான் அனுப்புவோம். அந்த வைஃபையைக் கையில் வைத்திருப்பவர் நடுவில் நின்று தன் சொந்தச் சான்றிதழைக் காட்டினால் போதும், எங்கள் நிரல் அவரை வழக்கறிஞர் அலுவலகம் என்றே எடுத்துக்கொள்ளும். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு உண்மையான சர்வருக்கு அப்படியே தள்ளிவிடலாம். இரு முனையிலும் 'வெற்றி' என்றுதான் தெரியும். அப்படி யாராவது படித்தார்களா? தெரியாது. அந்தத் தாக்குதல் எங்கள் பக்கத்தில் எந்தத் தடயமும் விட்டிருக்காது. இரண்டு வருடத்துக்கும் எங்களிடம் இருக்கும் நேர்மையான பதில் இது ஒன்றுதான்.

இதில் நாங்கள் தனியாக இல்லை என்பது ஆறுதல் ஆகாது. ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். 2012இல் ஸ்டான்ஃபோர்டு, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலாவி அல்லாத மென்பொருள்கள் சான்றிதழைச் சரிபார்க்கும் விதத்தை ஆராய்ந்தார்கள். அமேசானின் ஈசி2 ஜாவா நூலகம் உட்படப் பெரிய பெரிய மென்பொருள்களிலேயே அந்தச் சோதனை உடைந்து கிடந்ததைக் கண்டார்கள். அந்த ஆய்வுக்கு அவர்கள் வைத்த தலைப்பே 'உலகிலேயே மிக ஆபத்தான நிரல்' என்ற பொருள் தருவது.

சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வழக்கறிஞர் அலுவலகத்து சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்பியது, இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லை. உலாவிகள் விட்டுப்போன கண்ணியைத் தாங்களே எப்படியாவது தேடிச் சேர்த்துக்கொள்ளும். ஜாவா இயல்பாக அப்படிச் செய்யாது. அதனால்தான் அங்கே திறந்தது, இங்கே மறுத்தது. சர்வரில் முழுச் சங்கிலியையும் வைக்கச் சொன்னோம். ஒட்டிய வரிகளை அழித்தோம். ஓடியது. சர்வர் தானே கையெழுத்திட்ட சான்றிதழை வைத்திருந்தால்கூட, அதை நேரில் வாங்கி, ஜாவாவோடு வரும் 'கீடூல்' கருவியால் நம் நம்பிக்கைப் பட்டியலில் அந்த ஒன்றை மட்டும் சேர்க்கலாம். அந்த ஒருவரை நம்ப, ஊரில் உள்ள எல்லோரையும் நம்பத் தேவையில்லை.

பிறகு பயத்தோடு மற்ற இடங்களையும் பார்த்தோம். இரவுக் காப்புப் பிரதி எஸ்எஃப்டிபி வழியே போனது. அதற்கு 'ஜேஸ்கெச்' என்ற நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தோம். அங்கே 'ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்' என்ற அமைப்புக்கு நேரே 'நோ' என்று எழுதியிருந்தோம். அதே தவறு, வேறு சட்டையில். சர்வரின் சாவி உண்மையானதுதானா என்று பார்க்காதே என்று நாங்களே சொல்லியிருந்தோம். இதைத் திருத்தியது மறக்க முடியாத வேலை. அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவை ஃபோனில் அழைத்து, சாவியின் கைரேகையை அவர் திரையிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கச் சொன்னோம். 43 எழுத்து. "பெரிய ஆர், சின்ன கே, ஏழு..." என்று அவர் படிக்க, நாங்கள் எங்கள் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தோம். சரியாக இருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக மறுமுனையில் இருப்பது யார் என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மூன்றாவது, களத்து மடிக்கணினியிலிருந்து எங்கள் அலுவலகக் கணினிக்கு வரும் வழி. இரண்டு பக்கமும் ஜாவா என்பதால் ஜாவா ஆப்ஜெக்ட்டுகளை அப்படியே கட்டி அனுப்பி, இந்தப் பக்கம் பிரித்துக்கொண்டிருந்தோம். 1997இல் ஜேடிகே 1.1 காலத்திலிருந்து ஜாவாவில் இருக்கும் வசதி அது. சிக்கல் என்னவென்றால், பிரிக்கும்போதே உள்ளே இருப்பதற்கு ஏற்ப நிரல்கள் ஓடத் தொடங்கிவிடும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நாம் பார்ப்பதற்கு முன்பே பெட்டி வேலையைக் காட்டிவிடும். 2015இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள், பரவலாகப் பயன்பட்ட 'அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ்' நூலகம் இருந்தாலே இந்த வழியில் அடுத்தவர் கணினியில் கட்டளைகளை ஓட்ட முடியும் என்று காட்டினார்கள். 2017இல் வந்த ஜாவா 9, எந்த வகை ஆப்ஜெக்ட்டை ஏற்கலாம் என்று வடிகட்டும் வசதியைச் சேர்த்தது. நாங்கள் வடிகட்டியை நாடவில்லை. ஜேசன் வடிவத்துக்கு மாறினோம். அதில் வருவது வெறும் எழுத்தும் எண்ணும். எந்தப் புலம் இருக்க வேண்டும், எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று நாமே சரிபார்த்து ஏற்கலாம்.

நான்காவதுதான் எங்களை அதிகம் வெட்கப்படுத்தியது. பிழை கண்டுபிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று, அனுப்பும் ஒவ்வொரு பதிவையும் லாக் ஃபைலில் முழுசாக எழுதவைத்திருந்தோம். வழியெல்லாம் பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுத் திண்ணையில் வாக்குமூலங்களைப் பரப்பி வைத்திருந்தோம். சாட்சிகளின் பெயர், தகப்பன் பெயர், ஃபோன் எண் எல்லாம் பச்சையாக அங்கே கிடந்தன.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு சாட்சிகளின் உரிமைகளைப் பேசுகிறது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களில் சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைக்க நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. மேடைக்கு மேடை அதைப் பேசுகிறவர்கள் நாங்கள். நீதிமன்றத்திடம் கேட்கும் அந்தக் கவனத்தை எங்கள் சொந்த நிரலிடம் நாங்கள் கேட்கவில்லை.

அதன் பிறகு, எதை எப்படி அனுப்புவது என்பதைவிட, எதை அனுப்பவே தேவையில்லை என்று உட்கார்ந்து பேசினோம். பெயருக்குப் பதிலாக எண் போட்டோம். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியலைத் தனியே குறியாக்கம் செய்து வைத்தோம். அப்போது களப்பணித் தோழர் சொன்னார்: "பேரை எடுத்துட்டா போதுமா? காலனி, கிணத்துக்குப் பக்கத்து வீடு, புருசன் இல்லை, ரெண்டு பையன்னு எழுதியிருக்கீங்க. அந்த ஊர்ல பொறந்த ஆடு மாடுகூடச் சொல்லிடும் யாருன்னு." எந்தப் பாடப்புத்தகத்திலும் எங்களுக்குக் கிடைக்காத பாடம் அது. நகரத்தில் ஆளைக் காட்டிக்கொடுக்க ஃபோன் எண் வேண்டும். நம் ஊர்களில் தெருப் பெயரே போதும். நூறு வீடுகள்கூட இல்லாத காலனியில் இரண்டு விவரம் சேர்ந்தால் ஒரு முகம் வந்துவிடுகிறது.

கடைசியாக, அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொல்வது? சான்றிதழ், சங்கிலி என்றெல்லாம் சொல்ல முடியுமா? "நீங்க சொன்னதை அனுப்புனப்ப, வாங்குறது யாருன்னு நாங்க சரியா பாக்கலம்மா. யாராவது நடுவுல பாத்தாங்களான்னு எங்களுக்குத் தெரியல. இப்ப சரி பண்ணிட்டோம்" என்றோம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எம் பேரு கோர்ட்டுலயே வந்துட்டுது, அது போவட்டும். எம் பையன் நம்பர் குடுத்தனே, அத எடுத்துடுங்க. அவன் திருப்பூர்ல நிம்மதியா இருக்கான்" என்றார்.

எடுத்தோம். முதன்மைத் தரவுத்தளம், காப்புப் பிரதிகள், லாக் ஃபைல், வழக்கறிஞர் அலுவலகத்துப் பதிவு என்று நான்கு இடத்தில் அந்த எண் இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஐந்தாவது இடம் நினைவுக்கு வந்தது, பழைய வாட்ஸ்அப் குழு. அதில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து அழிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்னும் மூன்று பேர் பாக்கி.

தம்பி தங்கைகளே, இன்றிரவு உங்கள் நிரலைத் திறந்து பாருங்கள். ட்ரஸ்ட் மேனேஜரில் காலியான ஃபங்ஷன் இருக்கிறதா? சர்வரின் பெயரைச் சரிபார்க்கும் ஹோஸ்ட்நேம் வெரிஃபையர் எதற்கும் 'ட்ரூ' என்று சொல்கிறதா? ஹோஸ்ட் கீ சோதனை 'நோ' என்று இருக்கிறதா? பாஸ்வேர்டு நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறதா? லாக் ஃபைலில் யாருடைய பெயராவது தெரிகிறதா? ஒன்று கண்ணில் பட்டாலும் அதைச் சரிசெய்யாமல் அடுத்த பதிவை அனுப்பாதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போய் மைப்பெட்டியை நீட்டும்போது, இது யார் கைக்குப் போகும் என்ற கேள்வி நிச்சயம் வரும். அவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் வரும்.