பின்தொடரும் வயலின்

1886-ஆம் ஆண்டில் சீசர் ஃபிராங்க், வயலின் மேதை இஸாயிக்குத் திருமணப் பரிசாக ஒரு ஸொனாட்டாவை இயற்றித் தந்தார். வயலினும் பியானோவும் உரையாடும் அப்படைப்பைத் திபோவும் கோர்த்தோவும் வாசித்த 1929-ஆம் ஆண்டுப் பதிவிலேயே நாம் கேட்டுப் பழகினோம். அந்நாளைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிட இசையே அடங்கும், கரகரப்பும் உண்டு. அதனாலென்ன? இறுதிப் பகுதியில் பியானோ ஒரு மெட்டைத் தொடங்குகிறது. ஒரே ஒரு தாள அளவு கழித்து, வயலின் அதே மெட்டைப் பற்றிக்கொண்டு பின்தொடர்கிறது. முன்செல்பவர் விரைவதில்லை, பின்வருபவர் பிரிவதுமில்லை. மணமக்களுக்கு இதனினும் சிறந்த பரிசு ஏது என வியந்திருந்தோம்.

வரலாற்றைப் பிற்பாடுதான் படித்தோம். பிரான்சு ஜெர்மானியர் பிடியிலிருந்த காலத்தில் கோர்த்தோ விஷி அரசில் பதவி வகித்தார். 1942-இல் பெர்லினிலும் வாசித்தார். திபோவோ ஜெர்மனியில் வாசிக்க மறுத்தார். 1953-இல் விமான விபத்தில் அவர் மாண்டபோது, அவருடைய ஸ்ட்ராடிவேரியஸ் வயலினும் உடன் அழிந்தது.

இவற்றை அறிந்தபின் பல மாதங்கள் அப்பதிவை நாம் தொடவேயில்லை. கோர்த்தோவின் மீது அத்துணை மனத்தாங்கல். ஓரிரவு, ஏனோ, மீண்டும் ஒலிக்கவிட்டோம். இறுதிப் பகுதியில் பியானோ தொடங்கியது. வயலின் வரவேண்டிய இடத்தில் மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். வந்தது.