பல் சொன்ன பாடம்

பொறியில் சிக்கிய எலியை வாளி நீரில் அமிழ்த்துவது சிறுவயதில் எனக்கிட்ட வேலை. முயலுக்கோ மடியில் இடம், வாய்க்கு அருகம்புல்! ஒன்றின்மீது வெறுப்பு, மற்றதன்மீது விருப்பு. ஏன் என்று நான் கேட்டேனில்லை.

சீனத்தின் ஆன்ஹுய் மாநிலத்தில், சியன்ஷான் வட்டாரத்தில் கிடைத்த புதைபடிவங்களை ஆய்ந்த லி சுவான்குய், 1977இல் ஈருயிர்களுக்குப் பெயர் சூட்டினார்: ஹியோமிஸ், மிமோடோனா. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்தவை. ஹியோமிசின் மேல்தாடையில் ஒரே இணை வெட்டுப்பல், எலிக்குப்போல. மிமோடோனாவுக்கு அதன்பின்னே மற்றோர் இணை, முயலுக்குப்போல. ஒரே மண்ணில் ஒரு குடும்பத்தின் இரு கிளைகள்!

தேயத் தேய வளரும் பல், எலிக்கும் முயலுக்கும் பொது. இழிவு எலியின் எலும்பில் இல்லை, தோழரே. என் கண்ணில் இருந்தது. நெல்லைக் காக்க இன்றும் பொறி வைக்கிறேன், வெறுப்பை வைப்பதில்லை.