உத்திரமேரூரில் ஒரு கியர் மாற்றம்

உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தை அடுத்த தெருவில் இருக்கிறது அந்தச் சைக்கிள் கடை. பங்க்சர், பிரேக் கட்டை, பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சைக்கிள்கள் என்று காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, பின்னர் மற்றவர்களுக்கும் விரிந்த அரசுத் திட்டத்தில் வந்த வண்டிகள் அவை. அவற்றை ஓவராயில் செய்தும் வீல் கோட்டம் எடுத்தும் கை பழகியவர் கடைக்காரர். நாம் போன அன்று அவர் ஸ்டாண்டில் ஏறி நின்றது ஒரு டைம் டிரையல் பைக்.

கடிகாரத்தோடு தனியாளாய்ப் போட்டியிடும் பந்தயத்துக்கான வண்டி அது. கியர் நெம்புகோல், முன்னே நீளும் கம்பியின் நுனியில் இருக்கும். அங்கிருந்து பின்சக்கரம் வரை கேபிள், ஃபிரேமுக்குள் வளைந்து வளைந்து போகும். வியர்வையும் தூசியும் இறங்கினால் கியர் இறுகிவிடும். 2009இல் ஷிமானோ நிறுவனத்தின் டிஐ2 என்ற மின் கியர் அமைப்பு கேபிளுக்குப் பதில் மின்வயரைக் கொண்டுவந்தது. 2015இல் ஸ்ராம் நிறுவனத்தின் ஈடேப் அந்த வயரையும் நீக்கியது. ஆனால் முழு செட்டின் விலை நடுத்தரச் சம்பளக்காரருக்கு எட்டாது.

வண்டியின் சொந்தக்காரரான இளைஞர் செலவைக் குறைத்த வழி எளிது. அவர் ஓட்டும் வந்தவாசிச் சாலையில் பெரிய மேடுகள் இல்லை. முன்பக்கம் ஒரே பல்சக்கரம் போதும். அதனால் செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் டிரெய்லர் முன்பக்கம் தேவையில்லை. பின்னுக்கு மட்டும் சீனாவின் வீல்டாப் இடிஎஸ் என்ற வயர்லெஸ் டிரெய்லர் வாங்கினார். எத்தனை கியர் என்பதைக் கைபேசிச் செயலியிலேயே அமைத்துக்கொள்ளலாம் என்பதால் பின்பக்கப் பல்சக்கர அடுக்கான பழைய கேசட்டும் செயினும் தப்பின. மலைப்பாதைச் சைக்கிளுக்கான கியர் பொத்தான், முன்னே நீளும் 22.2 மி.மீ. கம்பியில் கச்சிதமாக உட்கார்ந்தது.

“ணா, மாட்டிடலாமா?” என்றார் இளைஞர்.

“இரு தம்பி. மோட்டாரு சொன்ன எடத்துக்குத்தான் போவும். ஹேங்கர் கோணலா இருந்தா அது என்ன பண்ணும்?”

டிரெய்லரைத் தாங்கும் சிறு உலோகக் காதுதான் ஹேங்கர். அதை நேராக்கத் தனிக் கருவி உண்டு. அது கடையில் இல்லை. கடைக்காரர் வேறொரு பின்சக்கரத்தின் அச்சை ஹேங்கரின் மரையிலேயே திருகினார். இப்போது இரு சக்கரங்கள் அக்கம்பக்கமாய் நின்றன. ரிம்முக்கு ரிம் மேலே, கீழே, முன்னே, பின்னே என அளந்தார். கீழ்ப்பக்கம் இடைவெளி குறைந்திருந்தது. சக்கரத்தைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்தார், மறுபடி அளந்தார். நான்கு பக்கமும் ஒத்துவந்த பிறகே டிரெய்லரை மாட்டி, செயின் ஸ்போக்ஸில் விழாதபடி எல்லையைச் சரிசெய்தார். பொத்தானை அழுத்த அழுத்த, செயின் பல்லுக்குப் பல் தாவியது.

வயர்லெஸ் கியருக்கு மாற நினைப்பவர்கள் முதலில் ஹேங்கரைப் பார்த்துவிடுங்கள். தேயாத கேசட்டை மாற்றாதீர்கள். பந்தயத்துக்கு முந்தைய இரவே பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள். மிச்சம் பிடித்த பணத்தில், இப்படி அளந்து பார்த்து வேலை செய்பவருக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள்.